அடுத்தது என்னவென்று தெரியாத காலத்தில் ஆண்டவரைப் பற்றிக்கொண்டிருத்தல்: அனுபவப் பகிர்வு

பகிர்வைத் தொடங்கும் சகோதரர்:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நம்மிடையே அண்மையில் வந்த ஜெப விண்ணப்பங்களை வாசிக்கும்போது, பலரும் ஏதோ ஒரு மாற்றத்தின் நடுவில் நிற்கிறோம் என்று தெரிகிறது. வேலையை இழந்தவர்கள், துணையை இழந்தவர்கள், படிப்பை முடித்துவிட்டு வழி தெரியாமல் நிற்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாதபோது ஆண்டவர்மேல் உள்ள நம்பிக்கையை எப்படிக் காத்துக்கொள்வது? எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு சொல்லப்படும் சாட்சிகள் நமக்கு நிறைய உண்டு. அவற்றுக்காக நன்றி சொல்கிறேன். ஆனால் இன்னும் நடுவழியில் இருப்பவர்கள் அங்கிருந்தபடியே எழுதினால், அதே நிலையில் இருக்கும் இன்னொருவருக்கு அது கைகொடுக்கும் என்று நினைக்கிறேன். அதனால் முதலில் நானே எழுதுகிறேன்.

நான் பல ஆண்டுகள் பணியாற்றிய நிறுவனம் நான் இருந்த பிரிவையே மூடிவிட்டதால், ஓய்வு பெறும் வயதும் வராமல், புதிதாகத் தொடங்கும் வயதும் கடந்துபோன ஒரு கட்டத்தில் வீட்டில் இருக்க நேர்ந்தது. பண நெருக்கடி வரும் என்று தெரிந்திருந்தது. அதற்கு ஓரளவு ஆயத்தமாகவும் இருந்தோம். நான் எதிர்பாராதது வேறொன்று. மகளின் பள்ளிப் படிவம் ஒன்றை நிரப்பிக்கொண்டிருந்தபோது, 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. அதுவரை யோசிக்காமலே எழுதிவந்த ஒரு சொல் இப்போது எனக்கு உரியதாக இல்லை. மகள் பக்கத்தில் நின்று படிவத்துக்காகக் காத்திருந்தாள். "ஆண்டவரே, இந்த இடத்தில் நான் என்ன எழுதட்டும்?" என்று மனதுக்குள் கேட்டேன். அந்த மாதங்களில் நான் ஏறெடுத்த ஜெபங்களில் மிக உண்மையானது அதுதான் என்று இன்றும் நம்புகிறேன்.

அந்நாட்களில் எனக்குப் பிடிமானமாக இருந்தது எண்ணாகமம் 9-ஆம் அதிகாரம். இஸ்ரவேல் மக்கள் வனாந்தரத்தில் நடந்தபோது, வாசஸ்தலம் என்ற ஆராதனைக் கூடாரத்தின்மேல் நின்ற மேகம் எழும்பினால் புறப்பட்டார்கள். அது தங்கினால் தங்கினார்கள். சில வேளை அது மாலை முதல் காலை வரை மட்டும் தங்கியது; சில வேளை இரண்டு நாள், சில வேளை ஒரு மாதம், சில வேளை ஒரு வருடம். எவ்வளவு காலம் என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதாக அங்கே எழுதப்படவில்லை. இதோடு யாத்திராகமம் 26-ஆம் அதிகாரத்தையும் சேர்த்து வாசித்தபோதுதான் அந்தக் கட்டளையின் பாரம் எனக்குப் புரிந்தது. கூடாரத்துக்கு 48 பலகைகள். ஒவ்வொரு பலகைக்கும் கீழே இரண்டு வெள்ளிப் பாதங்கள். திரைச்சீலையைத் தாங்கும் தூண்களின் நான்கு பாதங்களையும் சேர்த்தால் மொத்தம் 100 பாதங்கள். மக்கள் பாளயமிறங்கும் இடமெல்லாம், கூடாரப் பணிக்கென்று நியமிக்கப்பட்ட லேவியர் இவற்றை இறக்கி, நிறுத்தி, பொருத்தி, மேலே மூடுதிரைகளை விரித்தாக வேண்டும். நாளைக் காலையே மேகம் எழும்பக்கூடும் என்பதால் இன்றைக்குப் பாதிக் கூடாரம் போதும் என்ற சலுகை எங்குமே இல்லை. ஒரே இரவுக்கென்றாலும் ஆராதனைக்கான இடம் முழுமையாக எழும்பியது.

நிலைமை சீரான பிறகு குடும்ப ஜெபத்தையும் ஞாயிறு பள்ளியில் நான் எடுக்கும் வகுப்பையும் பார்த்துக்கொள்ளலாம் என்று உறவினர்கள் அன்போடு ஆலோசனை சொன்னார்கள். நான் இரண்டையும் விடவில்லை. நேர்காணலுக்குப் போய்விட்டுப் பதிலே வராத வாரங்களிலும், வகுப்புக்கான பாடத்தை முன்பு ஆயத்தப்படுத்திய அதே கவனத்தோடு ஆயத்தப்படுத்தினேன். வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் தினமும் இரவு வேதம் திறக்கப்படுகிறது. என் மகள் அதைப் பார்த்துக்கொண்டு வளர்கிறாள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் சபையின் மூத்த சகோதரர் ஒருவர் அந்நாட்களில் என்னைப் பார்க்க வந்தார். ஒரு கதவு அடைந்தால் இன்னொரு கதவு திறக்கும் என்று பலரும் சொல்லிக் கேட்டுச் சோர்ந்திருந்தேன். அவர் அப்படி எதுவும் சொல்லாமல், 13-ஆம் சங்கீதத்தை மட்டும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் அந்தச் சங்கீதத்தின் முதல் இரண்டு வசனங்களில் 'எதுவரைக்கும்' என்ற கேள்வி நான்கு முறை வருகிறது. வாசித்து முடித்ததும், "இதுவும் ஜெபம்தான் தம்பி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். கடவுளிடம் முறையிடுவது அவிசுவாசம் என்று பயந்து ஊமையாகிப்போகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். முறையிடுகிறவர் இன்னும் அவரோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

துணையை இழந்த சகோதரி ஒருவர்:

சகோதரரே, உங்கள் கடைசி வரி என்னையும் எழுத வைத்துவிட்டது. என் கணவர் இறந்த பிறகு ஆறுதல் சொல்ல வந்தவர்களில் பெரும்பாலோர் நல்ல மனதோடுதான் வந்தார்கள். ஆயினும், "எல்லாம் நன்மைக்கே" என்ற சொல்லை அடக்க ஆராதனை முடிந்த அன்றே கேட்பது எவ்வளவு கடினம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். நான் யாரையும் குறைகூறவில்லை. அந்தச் சொல்லைச் சொல்வதற்கும் ஒரு காலம் உண்டு, அது முதல் நாள் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

எனக்குத் துணையாக வந்தவள் ரூத்தின் மாமியாராகிய நகோமி. கணவனையும் இரண்டு மகன்களையும் மோவாபில் இழந்து பெத்லகேமுக்குத் திரும்பியபோது, தன்னை நகோமி என்று அழைக்க வேண்டாம், கசப்பு என்று பொருள்படும் மாராள் என்ற பெயரால் அழையுங்கள் என்று ஊர்ப் பெண்களிடம் சொல்கிறாள். நிறைவுள்ளவளாய்ப் போனேன், கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பிவரப்பண்ணினார் என்று வெளிப்படையாகவே சொல்கிறாள். இதற்காக அவளை ஒருவரும் கடிந்துகொண்டதாக அந்தப் புத்தகத்தில் இல்லை. அவள் அதைச் சொல்லும் நேரத்தில் ரூத் அவள் பக்கத்திலேயே நிற்கிறாள் என்பதைக் கவனியுங்கள். அந்த அதிகாரத்தின் கடைசி வசனமோ, அவர்கள் வந்து சேர்ந்தது வாற்கோதுமை அறுப்பின் துவக்கத்தில் என்று சொல்லி முடிகிறது. நகோமியின் கண்களுக்கு இரண்டுமே அப்போது பெரிதாகத் தெரியவில்லை. கண்ணீர் மறைத்திருக்கும்போது பக்கத்தில் நிற்பவரும் தெரிவதில்லை, விளைந்திருக்கும் வயலும் தெரிவதில்லை. அதற்காக அவை இல்லாமல் போய்விடுவதும் இல்லை.

அந்த முதல் மாதங்களில் ஆலயத்துக்குப் போவேன்; பாட வாய் வராது. எங்கள் இருவருக்கும் பிடித்த பாடல் என்றால் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவே கை எழாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அருகில் அமர்ந்திருந்த பெண்மணி, என் பக்கம் திரும்பிப் பார்க்காமலே, தன் புத்தகத்தைச் சற்று என் பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு பாடினார். வரிகள் எனக்குத் தெரியும்படி விரலை நகர்த்திக்கொண்டே இருந்தார். நான் ஒரு வரிகூடப் பாடவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை. திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கியபோது, இயேசு "அவர்கள் விசுவாசத்தைக்" கண்டார் என்று மாற்கு 2-ஆம் அதிகாரம் சொல்வதன் அர்த்தம் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. நம்மால் நம்ப முடியாத நாட்களில் நமக்காக நம்புகிறவர்களை ஆண்டவர் வைத்திருக்கிறார். சபைக்குப் போவதை நிறுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து நிறுத்த வேண்டாம். பாட வேண்டியதில்லை, போய் உட்கார்ந்தால் போதும்.

இளம் தாய் ஒருவர்:

நான் சுருக்கமாகவே எழுத முடியும், குழந்தை விழித்துக்கொள்ளும். முதல் குழந்தை பிறந்தது எங்கள் வீட்டுக்குக் கிடைத்த மிகப் பெரிய ஆசீர்வாதம். ஆனாலும் தூக்கமில்லாத இரவுகளில், முன்பு இருந்த ஜெப வாழ்க்கை முழுவதும் கைவிட்டுப் போய்விட்டதைப் போன்ற கலக்கம் வந்தது. முழங்கால் போட்டால் அப்படியே தூங்கிவிடுவேன். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை என் அம்மா நினைவுபடுத்தினார். சாக வேண்டும் என்று சொல்லிவிட்டுச் சூரைச்செடியின்கீழ் படுத்துத் தூங்கிய எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டி, சாப்பிடச் சொன்னான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான். தூதன் இரண்டாம் முறையும் வந்து, பிரயாணம் வெகுதூரம், எழுந்து சாப்பிடு என்றுதான் சொன்னான். ஆண்டவர் எலியாவிடம் கேள்வி கேட்பதும் மெல்லிய சத்தத்தில் பேசுவதும் அதற்குப் பிறகு, ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான். முதலில் உணவும் உறக்கமும் கொடுத்தவர் அவர் என்று அறிந்தபின், குழந்தைக்குப் பால் கொடுக்கும் நேரத்தில் ஒரே ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். அதே கலக்கத்தில் வேறு தாய்மார்கள் இருந்தால், வீட்டில் உள்ளவர்களிடமும் மருத்துவரிடமும் மனம்விட்டுப் பேசுங்கள். அப்படிப் பேசுவது விசுவாசக் குறைவாகாது.

குருமடத்திலிருந்து வெளியே வந்த இளைஞர் ஒருவர்:

இயேசுவுக்குப் புகழ். நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவன். குருத்துவப் பயிற்சியில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு, என் ஆன்ம வழிகாட்டியோடு நீண்ட காலம் பேசியும் செபித்தும் தெளிந்த பிறகு, குருமடத்தைவிட்டு வெளியே வந்தேன். முடிவெடுத்த நாளில் என் உள்ளத்தில் ஆழ்ந்த அமைதி இருந்தது. வெளியே வந்த பிறகு, குறிப்பாக இரவு நேரங்களில், கடவுளின் அழைப்பையே உதறிவிட்டேனோ என்ற அச்சம் என்னைப் பிடித்து ஆட்டியது. உடனே திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றும்.

அப்போது எனக்குக் கைகொடுத்தவர் இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார். 1521-இல் ஸ்பெயினின் பம்ப்லோனா கோட்டையைக் காக்கும் போரில் பீரங்கிக் குண்டு அவருடைய காலை உடைத்தது. வீரச் செயல்களால் பெயர் பெற வேண்டும் என்று அதுவரை அவர் கண்டிருந்த கனவும் அதோடு உடைந்தது. நீண்ட நாட்கள் படுக்கையில் கிடந்தபோது அவர் தம் உள்ளத்தின் அசைவுகளைக் கவனிக்கத் தொடங்கினார். அரசவைப் பெருமைகளைப் பற்றிய எண்ணங்கள் அப்போதைக்கு இனித்தாலும் பின்னர் வறட்சியை விட்டுச் சென்றன. கிறிஸ்துவையும் புனிதர்களையும் பின்பற்றும் எண்ணங்களோ நெடுநேரம் மகிழ்ச்சியைத் தங்கவைத்தன. இந்தக் கவனிப்பிலிருந்து பிறந்த அவருடைய நெறிமுறைகளில் ஒன்று இது: ஆறுதலற்ற மனச்சோர்வு வேளையில், அதற்கு முன் தெளிந்த மனத்தோடு எடுத்த தீர்மானத்தை மாற்றக் கூடாது, மாறாக, செபத்தையும் தன்னாய்வையும் சற்றுக் கூட்ட வேண்டும். நள்ளிரவு அச்சத்துக்கு என் வாழ்வை எழுதும் உரிமையைக் கொடுக்காதிருக்க இந்த நெறி எனக்குப் பெரும் பாதுகாப்பாக இருந்தது. பயம் வரும்போது அதை மறுக்காமல் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்துவிட்டு, பகலில் என் ஆன்ம வழிகாட்டியிடம் காட்டுவேன். பகல் வெளிச்சத்தில் அவற்றில் பல ஒரு வரிக்குமேல் நிற்காது. நின்றவற்றை இருவரும் சேர்ந்து செபத்தில் எடுத்துக்கொண்டோம்.

எனக்கு மிகவும் கடினமாக இருந்தது காலைச் செபம். குருமடத்தில் திருப்பாடல்களை இரு அணிகளாகப் பிரிந்து மாறி மாறிச் சொல்வோம். இப்போது அறையில் தனியாக ஒரு வரியைச் சொல்லிவிட்டு, மறு அணி சொல்ல வேண்டிய வரிக்கு முன்னால் என்னை அறியாமல் நின்றுவிடுகிறேன். அந்த இடைவெளி முதலில் நெஞ்சைப் பிழிந்தது. உலகின் எங்கோ ஓரிடத்தில் யாரோ ஒருவர் அதே திருப்பாடலைச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வரியைத் தொடர்கிறேன். என் அழைப்பு எது என்று இன்னும் தெரியவில்லை. அழைப்பவர் யார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்:

அன்பானவர்களே, எல்லாவற்றையும் ஆர்வத்தோடு வாசித்தேன். நான் வாழ்நாள் முழுவதும் வகுப்பறையில் நின்றவன். வசனத்தை அதன் இடத்திலிருந்து பிரித்தெடுத்து வாசித்தால் மனம் ஒப்பாது. வாழ்க்கை மாறும் காலங்களில் நாம் ஒருவருக்கொருவர் அதிகமாக அனுப்பிக்கொள்ளும் வசனம் எரேமியா 29:11 என்று நினைக்கிறேன். தீமைக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகளை ஆண்டவர் நம்மைக்குறித்துக் கொண்டிருக்கிறார் என்ற அருமையான வாக்கு அது. ஆனால் அது யாருக்கு, எப்போது எழுதப்பட்டது என்று பார்த்தால் அதன் ஆறுதல் இன்னும் ஆழமாகிறது.

கி.மு. 597-இல் யூதாவின் ராஜாவாகிய யோயாக்கீனோடு பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதற்கு முந்திய அதிகாரத்தில் அனனியா என்பவன், இரண்டு வருடத்துக்குள் எல்லோரும் எல்லாமும் திரும்பி வரும் என்று ஆலயத்திலே அறிவித்து, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தை எடுத்து உடைத்துப்போட்டான். கேட்டவர்களுக்கு அது எவ்வளவு இனிமையாக இருந்திருக்கும்! ஆனால் ஆண்டவர் அவனை அனுப்பவில்லை. உண்மையான தீர்க்கதரிசி எழுதியது 70 வருடம். அதோடு, வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அவற்றின் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்கு விவாகம் செய்யுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் பண்ணுங்கள் என்று எழுதினார். இவ்வளவையும் சொன்ன பிறகுதான் 11-ஆம் வசனம் வருகிறது. சீக்கிரம் முடிந்துவிடும் என்ற வாக்கை ஆண்டவர் கொடுக்கவில்லை. முடியும்வரை அந்த இடத்தில் வாழ்வதற்கு அனுமதியும், அந்த இடத்திலும் தாம் அவர்களை நினைத்துக்கொண்டிருப்பதாக உறுதியும் கொடுத்தார்.

இதை நான் என் முதுமையில்தான் வாழ்ந்து கற்றுக்கொண்டேன். என் மனைவியின் உடல்நலக் காரணத்தால், நாங்கள் கட்டி வாழ்ந்த வீட்டை விட்டு மகனின் வீட்டுக்கு வர வேண்டியதாயிற்று. மருமகள் அன்பானவள், ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் என் புத்தகப் பெட்டிகளின் கயிற்றை அவிழ்க்காமல், திரும்பிப் போகும் நாளுக்காக என்று சுவரோரம் அடுக்கி வைத்திருந்தேன். ஒரு காலை தியானத்தில் இந்தக் கடிதம் வந்தது. தோட்டங்களை நாட்டுங்கள் என்ற வார்த்தையைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. கனி தரும் மரத்தை நாட்டுகிறவன் அடுத்த மாதம் புறப்படும் எண்ணத்தோடு நாட்டுவதில்லை. அன்றைக்கே பேரனை அழைத்து, கத்தரிக்கோலை அவன் கையில் கொடுத்தேன். ஒவ்வொரு பெட்டியாக அவன் கயிற்றை வெட்ட, நான் புத்தகங்களைத் துடைத்து அடுக்கினேன். வேத அகராதியின் பக்கங்களுக்கு நடுவில் அவனுடைய தகப்பனின் பள்ளிக்கூடப் புகைப்படம் ஒன்று இருந்தது. அதைத் தன் மேசையில் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். இப்போது அவன் பள்ளி விட்டு வந்ததும், அந்த அலமாரியின் முன்னால் உட்கார்ந்து இருவரும் ஒரு சங்கீதம் வாசிக்கிறோம். இந்தத் தெருவில் உள்ளவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு அவர்களுக்காக ஜெபிக்கிறேன். பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்ற கட்டளைக்கு ஒரு வயதானவனால் கீழ்ப்படியக்கூடிய வழி அதுவாகவே எனக்குப் படுகிறது.

குருமடத்திலிருந்து வெளியே வந்த இளைஞர்:

ஐயா, உங்கள் பகிர்வுக்கு நன்றி. மனத்தை உறுத்தும் ஒரு கேள்வியைக் கேட்கலாமா? 70 ஆண்டுகள் என்றால், அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்டவர்களில் வயது வந்தவர்கள் பெரும்பாலோர் பாபிலோனிலேயே இறந்திருப்பார்கள். அவர்களுக்கு அந்த வாக்கு என்ன பயன் தந்தது? என் காத்திருப்பு என் வாழ்நாளுக்குள் முடியாமல் போகலாம் என்று நினைக்கும்போது இந்தக் கேள்வி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:

தம்பி, இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி. கடிதத்தை 11-ஆம் வசனத்தோடு நிறுத்தாமல் அடுத்த இரண்டு வசனங்களையும் வாசியுங்கள். என்னை நோக்கி விண்ணப்பம் பண்ணுவீர்கள், நான் செவிகொடுப்பேன். முழு இருதயத்தோடும் தேடினால் கண்டுபிடிப்பீர்கள் என்று ஆண்டவர் சொல்கிறார். ஊருக்குத் திரும்புவதற்கு 70 வருடம் குறிக்கப்பட்டிருந்தது. ஆண்டவரை நோக்கிக் கூப்பிடுவதற்கோ பாபிலோனிலும் ஒரு தடை இருக்கவில்லை. பெர்சிய ராஜாவாகிய கோரேஸின் கட்டளை பிறந்து மக்கள் திரும்பத் தொடங்கியது கி.மு. 538-ஐ ஒட்டிய காலத்தில். ஆனால் அதே யோயாக்கீனோடு சிறைப்பட்டுப் போனவர்களில் எசேக்கியேல் என்ற ஆசாரியனும் இருந்தார். ஆலயமே இல்லாத அந்நிய மண்ணில், கேபார் நதியண்டையிலே, வானங்கள் திறக்கப்பட்டு அவர் கர்த்தருடைய மகிமையைக் கண்டார். அது சிறையிருப்பின் ஐந்தாம் வருடம் என்று அவருடைய புத்தகத்தின் முதல் அதிகாரமே குறித்துவைத்திருக்கிறது. திரும்பிப் போகும் நாளுக்கு அப்போது பல பத்தாண்டுகள் மீதி இருந்தன. எசேக்கியேல் எருசலேமுக்குத் திரும்பி வந்ததாக வேதத்தில் எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் பாபிலோனில் இருந்த நாளிலேயே அவர் ஆண்டவரைக் கண்டார்.

இன்று மாலை அந்த அதிகாரத்தைத்தான் பேரனோடு வாசிக்க இருக்கிறேன். உங்களுக்காகவும், வேலைக்காகக் காத்திருக்கும் சகோதரருக்காகவும், துணையை இழந்த சகோதரிக்காகவும், அந்தத் தாய்க்காகவும் குழந்தைக்காகவும் அதன் பிறகு ஜெபிப்போம். இன்னும் எழுதாமல் வாசித்துக்கொண்டு மட்டும் இருப்பவர்கள், ஜெபக்குறிப்பு இருந்தால் ஒரு வரியாவது அனுப்புங்கள்.